வகிடு இல்லாத தலை

அந்தக் கப்பல் பிளைவுட்டால் ஆனது. கல்கத்தா டாலிகஞ்சில் ஒரு ஸ்டூடியோவின் பெரிய கொட்டகைக்குள் அதன் வயிற்றை மட்டும் கட்டியிருந்தார்கள். தலை இடிக்கும் உயரத்தில் மேல்தளம், இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் படுக்கைப் பலகைகள், நடுவில் ஒரு தொங்கு விளக்கு. கப்பல் ஆடுவதற்காக அடியில் லாரி டயர்களைப் போட்டு, ஆட்கள் நின்று அசைப்பார்கள். உள்ளே அடைந்து கிடக்கும் பெண்கள் வாந்தி எடுப்பதுபோல் நடிக்க வேண்டும். முதல் நாளே இரண்டு பேர் நடிக்காமலே எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சின்னச் சின்னத் திருட்டுகளுக்காகப் பிடிபட்ட பெண்களைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கதை அது. வெப் சீரிஸ் என்றார்கள். முன்வரிசையில் வெளிநாட்டுப் பெண்கள் இருப்பார்கள். இங்கே படிக்க வந்தவர்கள், ஊர் சுற்ற வந்து கைச்செலவுக்காக நடிக்க ஒப்புக்கொண்டவர்கள். பின்வரிசையில் எல்லாம் நம் ஆட்கள். காளிகாட்டிலிருந்தும் பவானிபூரிலிருந்தும் ஆட்டோவில் வந்து இறங்கும் துணை நடிகைகள். முகத்திலும் கழுத்திலும் வெள்ளை பூசி உட்கார வைத்துவிடுவார்கள். விளக்கு மங்கல் என்பதால் வித்தியாசம் தெரியாது.

நான் அங்கே முடி வேலை பார்த்தேன். அப்பா சமயபுரத்துக்காரர். பிழைப்புக்காகக் கல்கத்தா வந்து லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சலூன் போட்டார். மாற்றலில் வரும் மத்திய சர்க்கார் ஆட்கள், துறைமுகத்து ஆட்கள், பேங்க் ஆட்கள் என்று தமிழ்க் குடும்பங்கள்தான் எங்கள் பிழைப்பு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அதற்குமேல் படித்ததெல்லாம் கடையில் கிடந்த வாரப் பத்திரிகைகளில்தான். பேச்சு எனக்கு வராது. நாற்காலியில் உட்கார்ந்தவர் அரசியல் பேசினாலும் மாமியார் கொடுமை பேசினாலும் ‘ம்’ போடுவேன். பேசாத பார்பர் என்று அதற்காகவே என்னிடம் வருகிறவர்கள் உண்டு. விக் கட்டவும் தெரியும் என்பதால் ஸ்டூடியோவிலிருந்தும் அவ்வப்போது கூப்பிடுவார்கள்.

கதையை எனக்கு விளக்கியது உதவி இயக்குநரான ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. ஒரு காட்சியில் இருந்தது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. துணி திருடியவள், கரண்டி திருடியவள் எல்லாரையும் கப்பலேற்றினார்கள் என்றாள். போய்ச் சேர மாதக் கணக்கில் ஆகுமாம். அங்கேயும் சிறை மாதிரி ஒரு தொழிற்கூடத்தில் அடைத்து வேலை வாங்குவார்களாம். அடங்காதவளுக்குத் தலைமுடியை வெட்டிவிடுவது ஒரு தண்டனை. மற்ற தண்டனைகளைத் தாங்கிக்கொண்ட பெண்கள்கூட முடியில் கை வைத்ததும் கலவரம் செய்தார்கள் என்று சொன்னாள். நான் ‘ம்’ போட்டேன்.

அந்தக் காட்சியை எடுக்க வேண்டியிருந்தது. தலையில் ரப்பர் உறை மாட்டி எடுத்தால் பொய்யாகத் தெரியும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். நிஜமாகவே ஒரு பெண்ணின் தலையை மழிக்க வேண்டும். வெளிநாட்டுப் பெண்கள் மாட்டேன் என்றார்கள். ஸ்டூடியோவின் நிரந்தர முடிக்காரர் ஒரு வங்காளி. தன் மகள் வாழப்போன இடத்தில் நன்றாக இருக்க வேண்டும், இந்த வேலையை என்னால் செய்ய முடியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அவர் மகளுக்கும் இந்த மொட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. வேலைக்குப் பயந்தவர் என்று மட்டும் நினைத்தேன்.

துணை நடிகைகளில் ஒரு பௌதி இருந்தாள். அண்ணி என்று அர்த்தம். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணக் கூட்டம், சந்தைக் கூட்டம், சாவுக் கூட்டம் எதுவானாலும் அவள் இருப்பாள். வாய் ஓயாது. முழங்கால் வரை தொங்கும் பின்னல். கைதி வேஷத்துக்குச் சங்கு வளையல்களைக் கழற்றச் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றித் துணி சுற்றிக் கட்டி, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழற்ற மாட்டேன் என்றாள். அவள் புருஷன் ராஷ்பிஹாரி ரூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவள் வளையலை மறைத்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மொட்டைக்கு ஒப்புக்கொண்டால் தனியாகப் பணம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். பௌதிக்கு ஒரே மகள். மாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பிள்ளை வீட்டார் முன் மீனும் இனிப்பும் குறைவாக வைத்துவிடக்கூடாது என்ற கவலை அவளுக்கு இருந்தது. தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வங்காளியில்தான் பேசினோம். என்னை அவள் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

“மெட்ராஸி தாதா, நீ பொய் பேச மாட்டே. உண்மை பேசியும் நான் கேட்டதில்லை, அது வேற. ஒண்ணு சொல்லு. உங்க ஊர்ல பொம்பளை மொட்டை போடுவாளா?”

நான் வாயைத் திறந்தேன். எந்த வாடிக்கையாளரிடமும் பேசாத அளவுக்குப் பேசினேன். எங்கள் மாரியம்மன் கோயிலில் பெண்கள் வரிசையில் நின்று மொட்டை போடுவார்கள் என்றேன். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே போய் வேலை பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு விடாத காய்ச்சல் வந்தபோது என் மனைவி வேண்டிக்கொண்டு மொட்டை போட்டாள், போட்டது நான்தான் என்றேன். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வரும்போது எல்லாப் பெண்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரிப்பார்கள் என்றும் சொன்னேன்.

“அப்போ கெட்டது இல்லையா?”

“நல்லதுதான் பௌதி. முடிதானே, வளர்ந்துடும்.”

அவள் மீதித் தேநீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய் உதவி இயக்குநரிடம் சரி என்று சொல்லிவிட்டாள்.

காட்சியில் முடி வெட்டுகிறவனாக வருவதும் நானே என்று ஆகிவிட்டது. கேமராவில் கைகள் மட்டும்தான் தெரியும். மேக்கப்காரர் என் இரண்டு கைகளையும் முழங்கை வரை வெள்ளையாக்கினார். பௌதி அதைப் பார்த்து, துரை வந்துவிட்டார், எழுந்து நில்லுங்கள் என்று எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அழ வேண்டிய காட்சியில் அவள் சிரித்ததால் இரண்டு தடவை நிறுத்தினார்கள். மூன்றாவது தடவை நான் கத்தரியை வைத்துப் பின்னலை அடியோடு அறுத்தேன். பின்னல் என் வெள்ளைக் கையில் தொங்கியது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு தண்ணீர் தெளித்து மழித்தேன். கொட்டகை அமைதியாக இருந்தது. படப்பிடிப்பின் அமைதி எனக்குத் தெரியும். இது அது இல்லை. விளக்குப் பிடித்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டயரை அசைக்கும் ஆட்களில் ஒருவர் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்.

முடிந்ததும் நான் பழக்க தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து சந்தனம் கொண்டுவந்திருந்தேன். குழைத்து அவள் தலையில் பூசினேன். மழித்த தலைக்குக் குளிர்ச்சி. உதவி இயக்குநர் ஓடிவந்தாள். அடுத்த ஷாட்டில் தலை மஞ்சளாகத் தெரியும், துடையுங்கள் என்றாள். ஈரத்துணியால் துடைத்தேன். என் கை வெள்ளையும் சந்தனமும் கலந்து துணியில் ஒரு மாதிரி நிறம் வந்தது. பௌதி தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் மேக்கப் அறைப் பக்கம் போனேன். பௌதி முகத்தைக் கழுவிவிட்டுச் சங்கு வளையல்களை மணிக்கட்டுக்கு இறக்கியிருந்தாள். கண்ணாடி முன் நின்றாள். கையில் குங்குமச் சிமிழ் திறந்திருந்தது. விரலில் சிந்தூரம் எடுத்துவிட்டாள். அந்த விரல் தலைக்கு மேலே போய் நின்றது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கே கல்யாணமான பெண் சிந்தூரம் வைப்பது வகிட்டில். எங்கள் பெண்கள் நெற்றியில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மொட்டைத் தலையில் வகிடு ஏது? எத்தனையோ தலைகளை மழித்தவன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் அங்கிருந்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு சில நாட்கள் முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். பிறகு நின்றுவிட்டாள். அவளோடு ஆட்டோவில் வரும் இன்னொரு துணை நடிகைதான் நடந்ததைச் சொன்னாள். பௌதியின் மாமியார் அவள் தலையைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம். மாமியாரின் சிறு வயதில் அந்தக் குடும்பத்தில் புருஷனை இழந்த ஒருத்திக்குத்தான் இப்படித் தலையை மழித்தார்களாம். என் மகன் உயிரோடு இருக்கும்போதே இவள் விதவைக் கோலத்தில் வந்து நிற்கிறாளே என்று அழுதாராம். இப்போதெல்லாம் யாரும் விதவைக்கு மொட்டை போடுவதில்லை. ஆனால் அந்தக் கிழவியின் கண்ணுக்கு அது வேறு எதுவாகவும் தெரியவில்லை. விஷயம் பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. வாசலில் மாப்பிள்ளையை வரவேற்பது பெண்ணின் அம்மாவாக இருக்கக்கூடாது, சித்தியோ அத்தையோ செய்யட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

“அதனால என்ன, கல்யாணத்தைப் பார்த்தா போதாதா?” என்று கேட்டேன்.

அந்தத் துணை நடிகை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “தாதா, எங்கள்ல அம்மா பொண்ணு கல்யாணத்தைப் பார்க்கக்கூடாது. கண் பட்டுடும்னு உள்ள உட்கார வச்சிடுவாங்க. வாசல்ல முறமும் விளக்கும் எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிடுறது ஒண்ணுதான் அம்மாவுக்கு. அதைத்தான் எடுத்துட்டாங்க.”

அன்று நான் மெட்ரோவில் ஏறாமல் வீடு வரை நடந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஏங்க, வீட்டுல ஒரு வார்த்தை பேசக் காசு கேப்பீங்க. அங்க போயி எதுக்கு அவ்வளவு பேசுனீங்க?” என்றாள். நான் ‘ம்’ என்றேன். “இப்ப பேசுங்க. இப்ப மட்டும் ‘ம்’மா?”

எனக்குத் தெரிந்தது முடி ஒன்றுதான். அவளுடைய முடியையே வைத்து விக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அறுத்த பின்னல் ஸ்டூடியோவின் சாமான் அறையில், துணிப்பையில் இருந்தது. சீரிஸ் முடியும்வரை காட்சியில் வந்த எதுவும் வெளியே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். உதவி இயக்குநரிடம் கேட்டேன். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னல் தரையில் கிடப்பதைக் கிட்டத்தில் படமெடுக்க வேண்டியிருக்கிறது, அதுவரை தர முடியாது என்றாள். அது எப்போது என்று அவளுக்கும் தெரியவில்லை. விக் கட்டுவது சின்ன வேலை இல்லை. வலைத்தொப்பியில் இரண்டு மூன்று முடியாகக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன் முடிய வேண்டுமானால் உடனே ஆரம்பித்தாக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் கத்தரிப் பையில் வைத்து. வாயிற்காவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். துணி திருடி, கரண்டி திருடிக் கப்பலேறியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். பின்னாளில் பின்னல் தேவைப்பட்டபோது பையைக் காணோம் என்று தேடினார்கள். நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. அதற்குப்பின் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். என் நாடுகடத்தல் டாலிகஞ்சிலிருந்து லேக் மார்க்கெட் வரை.

விக்கில் அதிகக் கவனம் எடுத்துக்கொண்டது வகிட்டுக்கு. தோல் நிறத்துக்குப் பொருந்தும்படி மெல்லிய வலை வைத்து, ஒற்றை ஒற்றை முடியாக முடிச்சிட்டேன். பார்த்தால் தலையில் எடுத்த வகிடு மாதிரியே இருந்தது. கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு காளிகாட்டில் அவர்கள் சந்துக்குப் போனேன்.

ஒரே அறை, ஒரு நீண்ட கட்டில். மாமியார் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா என்பதுபோல் மாஷிமா என்று கூப்பிட்டுக் கும்பிட்டேன். பௌதியின் தலையில் அதற்குள் விரற்கடை அளவு முடி வந்திருந்தது. புருஷன் ஒரு ஓரத்தில் நின்றார். அவருக்கு என்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. வெட்கம்தான் இருந்தது. நான் பெட்டியைத் திறந்தேன். பௌதி விக்கைக் கையில் எடுத்ததும் அது தன் முடி என்று தெரிந்துகொண்டாள். நுனியை முகர்ந்து பார்த்தாள். போட்டுக்கொண்டு சின்னக் கண்ணாடியில் பார்த்தபோது பழைய பௌதி ஒரு கணம் தெரிந்தாள்.

“எப்படி இருக்கேன் மா, உங்க வீட்டு மருமக?” என்று கேட்டாள். மாமியார் சிரிக்கவில்லை.

“அறுத்த முடி செத்த முடி. செத்த முடியில சிந்தூரம் வைப்பியா?” என்று மருமகளிடம் கேட்டார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஊருக்கே தெரிஞ்சதை மூடி என்னப்பா பிரயோஜனம்? தலை எப்படி இருக்குங்கறதா என் பயம்? என் பிள்ளைக்கு என்ன ஆகுமோங்கறதுதான் பயம்.”

மறுபடியும் எனக்குப் புரியாமல் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் முடியைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தேன். மாமியார் என்னை விடவில்லை. “நீதானே இது நல்லதுன்னு சொன்னே. உன் பொண்டாட்டியும் போட்டிருக்காளாமே. யாருக்காகப் போட்டா?”

மகளுக்காக. காய்ச்சலுக்காக. அதை பௌதியிடம் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அவள் விக்கோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நின்ற புருஷனும் பார்த்தார்.

“எனக்காக, மாஷிமா” என்றேன். “எனக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில கிடந்தேன். பிழைக்க மாட்டேன்னாங்க. புருஷன் ஆயுசுக்காக முடியைத் தர்றேன்னு எங்க மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டா. நான் பிழைச்சேன்.”

நான் ஒரு நாளும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை.

கிழவி என் முகத்தையே பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பேச்சு வராதவன் மாதிரிதான் இருப்பான். என் கூச்சம் அன்று எனக்குச் சாட்சி சொன்னது. பௌதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும்.

“புருஷன் ஆயுசுக்கா” என்றார் மாமியார். சுவரில் மாட்டியிருந்த காளி படத்தைப் பார்த்தார். கடைசியில் மருமகளிடம், “அந்தச் செத்த முடியைக் கழட்டு. சாமிக்குக் கொடுத்த தலைன்னா எதுக்கு மூடணும்? பிள்ளை வீட்டுல நான் பேசிக்கறேன்” என்றார்.

அவர் எப்படிப் பேசினாரோ தெரியாது. கல்யாணத்தன்று சந்தில் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். சங்கு ஊதினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பௌதி சிவப்புக் கரைப் புடவையில் வாசலுக்கு வந்தாள். முக்காடு இல்லை. அந்தக் குட்டை முடிக்கு நடுவில் சீப்பால் வலுக்கட்டாயமாக ஒரு கோடு இழுத்து, அதில் சிந்தூரம் வைத்திருந்தாள். முடி நிற்காமல் சிந்தூரம் இரண்டு பக்கமும் சிதறியிருந்தது. முறத்தைத் தூக்கி மாப்பிள்ளையின் நெற்றியில் தொட்டாள். விளக்கைக் காட்டினாள். இனிப்பை வாயில் ஊட்டும்போது ஏதோ சொன்னாள். மாப்பிள்ளையின் நண்பர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டத்தில் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனதும் பௌதி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் அவளுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மன் பெயரைச் சொல்லி, இல்லாத நோயைச் சொல்லி ஒரு கிழவியை நம்ப வைத்திருக்கிறேன். அவர் தன் பிள்ளையின் உயிரை அந்தப் பொய்யின்மேல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். ராஷ்பிஹாரி முக்கில் ஏதாவது ஆட்டோ பலமாக ஹாரன் அடித்தால் நின்று, ஓட்டுகிறவர் யார் என்று பார்க்கிறேன்.

அந்தத் தீவாந்தரச் சிறையிலும் யாரோ ஒருவன் கத்தரி பிடித்திருப்பான். உதவி இயக்குநரிடம் அவனைப் பற்றிக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அவனும் கைதியாகவே இருந்திருக்கலாம். வெட்டச் சொன்னார்கள், வெட்டினான். சாயங்காலம் கையைக் கழுவியிருப்பான். என்னை வெட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் நல்லதுதான் என்று பேசச் சொன்னவர் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, கிழவியிடம் சொன்ன பொய்யை மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் வேலையை நிறுத்தினாள்.

“பொண்ணுக்காகக் கொடுத்த எம் முடியைத் தூக்கி அங்க கொடுத்திட்டு வந்திருக்கீங்க. யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசினாள். கோடையில் சமயபுரம் போகவேண்டும் என்றாள். ஆத்தா பெயரைச் சொல்லியாகிவிட்டது, இனி அது பொய்யாக இருக்கக்கூடாது, உங்கள் ஆயுசுக்கும் அந்த ஆட்டோக்காரர் ஆயுசுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டுவிட்டேன் என்றாள். வேண்டாம் என்றேன். செய்தது நான், என் தலையை மழித்துக்கொள்கிறேன் என்றேன். உங்கள் தலையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். உண்மைதான். முன்பக்கம் முழுதும் வழுக்கை.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இப்போது சாயங்காலம் ஆனால் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவுகிறாள். முன்பெல்லாம் இவ்வளவு நேரம் சீவியதில்லை. நரை ஓடிய முடி, ஆனாலும் அடர்த்தி. நான் பார்க்காததுபோல் பார்க்கிறேன். அங்கே கோயிலில் எத்தனையோ ஆட்கள் இருக்கிறார்கள், வேறு யாரிடமாவது போட்டுக்கொள்ளேன் என்று நேற்று கேட்டுப் பார்த்தேன்.

“நீங்கதான் போடணும்” என்றாள். சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுருட்டிக்கொண்டே, “ஆனா ஒண்ணு. போட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் தொறக்கக்கூடாது” என்றாள்.